பெயர்க் களவும் புகார் மனுவும்

எங்கள் தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரைகளை மீட்கப் போய் மாண்ட வீரனுக்கு ஊரார் கல் நட்டார்கள். கல்லிலே அவன் உருவத்தைச் செதுக்கினார்கள். அத்துடன் அமையாமல், பல கற்களில் அவன் பெயரையும், இன்ன அரசனுடைய ஆட்சியில் இத்தனையாவது ஆண்டில் வீழ்ந்தான் என்ற செய்தியையும் வட்டெழுத்திலே பொறித்து வைத்தார்கள். வீரச் செயலைச் செய்தவன் ஒருவன், புகழைக் கொண்டவன் வேறொருவன் என்று ஆகிவிடக் கூடாதென்பது அவர்கள் கவலை. ஒருவனுடைய பெயர் அவனுக்கே உரிய சொத்து என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

மாணவ நேயர்களே! அந்தச் சொத்தையும் களவாடலாம் என்பதையும், களவு போனால் யாரிடம் சென்று முறையிட வேண்டும் என்பதையும் பற்றியே இன்று நான் உங்களோடு பேச விரும்புகிறேன். இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பென்னாகரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒரு தந்தையும் மகனும் எனக்குக் கற்றுத் தந்தார்கள். அவர்கள் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை களவு போன பெயரை நானும் எடுத்துப் பொதுவில் வைப்பது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு மாலை. பென்னாகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, நான் ஆசிரியராக இருந்தபோது என்னிடம் படித்த மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் வந்தான். பையன் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் இடமும் பெற்றிருந்தான். தந்தை எழுத்தறியாதவர், கையெழுத்து மட்டும் போடுவார். கோடையில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார். மழை பெய்தால் ஊருக்குத் திரும்பிக் கேழ்வரகு விதைப்பார். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களின் வாழ்க்கை இதுதான்.

கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியிலே கல்விக் கடன் கேட்டிருந்தார்கள். கல்விக் கடனில் மாணவனோடு பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வங்கி அலுவலர் தந்தையின் கடன் வரலாற்றைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, “உம் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடன்கள் நிலுவையில் இருக்கின்றன. கட்டாமல் விட்டிருக்கிறீர். இனி எப்படிக் கடன் தருவது?” என்று கேட்டிருக்கிறார்.

தந்தை எந்தக் கடனும் வாங்கியதில்லை. ஆனால் அதை யார் நம்புவது? வழியிலே, பேருந்து நிறுத்தத்தில், பையனே கேட்டுவிட்டானாம்: “உண்மையைச் சொல்லுப்பா, நீ வாங்கினாயா?” என் திண்ணையில் அமர்ந்து இதைச் சொன்னபோது அந்த மனிதர் தலை நிமிரவில்லை. கடனைக் காட்டிலும் அந்தக் கேள்வியே அவரை வருத்தியது என்று எனக்குத் தோன்றியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். “தொகை பெரிதில்லை. எப்படியாவது கட்டித் தீர்த்துவிடுங்கள். பையனின் படிப்பு கெடக் கூடாது” என்றேன். அவர் மெல்லக் கேட்டார்: “வாங்காத கடனைக் கட்டினால் வாங்கினேன் என்று ஆகிவிடாதா ஐயா?”

எழுத்தறியாத அந்த மனிதர் கேட்டதே சரியான கேள்வி. கட்டிவிட்டால், கடன் தம்முடையதே என்று அவர் ஒப்புக்கொண்டதாகப் பிறர் கொள்ள இடமுண்டு. அதைவிடப் பெரிய கேடு, திருடியவன் கையில் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். இரண்டு கடன் வாங்கியவன் மூன்றாவது வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் இந்தக் களவின் தன்மையைத் தெரிந்துகொள்வோம். ஒருவர் தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்வதை ஆள்மாறாட்டம் என்கிறோம். இது புதிதன்று. வங்காளத்திலே பாவல் ஜமீன் வழக்கு என்று ஒன்று நடந்தது. 1909 ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஜமீன் குமாரர் நானே என்று சொல்லிக்கொண்டு, 1921 இல் ஒரு சந்நியாசி தோன்றினார். 1930 இல் வழக்குத் தொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அவருடைய நடை, பேச்சு, உடம்பிலிருந்த தழும்பு, காலின் தோல் எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு 1946 இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஒருவர் இன்னார்தாம் என்று மெய்ப்பிக்க அந்நாளில் அத்தனை பாடு இருந்தது.

இந்நாளில் வங்கிக்காரர் நம் தழும்பைப் பார்ப்பதில்லை. நம் எண்களைப் பார்க்கிறார். ஆதாருக்குப் பன்னிரண்டு இலக்கம்; வருமானவரி நிரந்தரக் கணக்கு எண்ணுக்குப் பத்து எழுத்தும் இலக்கமும்; அவற்றோடு ஒரு கைப்பேசி எண். இம்மூன்றும் யார் கையில் இருக்கின்றனவோ அவரே நாம் என்று தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறி நம்பிவிடுகிறது. ஆகவே நம்மைப் போல் வேடமிட வேண்டுவதில்லை. நம் எண்களைக் கைப்பற்றினால் போதும்.

எண் ஒன்று மனிதனுக்கு ஈடாகும்போது என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. அங்கே சமூகப் பாதுகாப்பு எண் என்ற முறை 1936 இல் வந்தது. 1938 இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பணப்பை நிறுவனம் ஒன்று, அட்டையை வைக்கும் இடத்தைக் காட்டுவதற்காக ஒவ்வொரு பையிலும் ஒரு மாதிரி அட்டையைச் செருகி விற்றது. அந்த மாதிரி அட்டையில் அச்சிட்டிருந்ததோ, அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஓர் அம்மையாரின் உண்மையான எண்! பையை வாங்கியவர்களில் பலர் அதையே தங்கள் எண் என்று எண்ணிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1943 இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைத் தமதாகக் காட்டிவந்தார்கள். காலப்போக்கில் 40,000 க்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தியதாக அந்நாட்டு அரசின் குறிப்பு கூறுகிறது. இறுதியில் அந்த எண்ணை அரசு செல்லாததாக்கி அம்மையாருக்குப் புதிய எண் கொடுத்தது. இடையில், “உம் எண்ணை ஏன் இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?” என்று புலனாய்வுத் துறையினர் அவர் வீட்டுக்கே வந்து விசாரித்தார்களாம். குற்றமற்றவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பென்னாகரத்துத் தந்தையின் நிலையும் அதுதான்.

இக்குற்றத்துக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008 இல் திருத்தப்பட்டபோது 66-சி, 66-டி என்ற பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பிறருடைய மின்னணுக் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வேறு தனி அடையாளக் கூற்றையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவது முதற்பிரிவின்படி குற்றம். கணிப்பொறி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது இரண்டாம் பிரிவின்படி குற்றம். இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 319 ஆம் பிரிவு, ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் தருகிறது. பிறர் பெயரில் மோசடியாகக் கைப்பேசி இணைப்புப் பெறுவதை 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தனிக் குற்றமாகவே வகுத்திருக்கிறது.

சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் கதவு எது என்று தெரியாதவனுக்கு அது இல்லாதது போலத்தான். அந்தத் தந்தையும் மகனும் என்னிடம் வருவதற்கு முன் பதினைந்து நாள் அலைந்திருந்தார்கள். வார்டு உறுப்பினரைப் பார்த்தார்கள், அவர் வருந்தினார். ஓர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டார்கள். இன்னோர் அலுவலகத்தில், “கடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் எங்கள் வேலை அன்று” என்று அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போயிற்று. சென்ற இடத்திலெல்லாம் வாயால் சொன்னார்களேயன்றி, ஓரிடத்திலும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்ததற்கான இரசீதும் வாங்கவில்லை. ஒகேனக்கல்லில் துடுப்பில்லாத பரிசல் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருப்பதைப் போல அவர்கள் முயற்சி இருந்தது.

எந்தக் கதவை முதலில் தட்டுவது? அது, என்ன களவு போயிற்று என்பதைப் பொறுத்தது. அதை வகைப்படுத்திச் சொல்கிறேன்.

வங்கிக் கணக்கிலிருந்து பணமே போய்விட்டது என்றால், முதலில் நினைவுக்கு வர வேண்டியது 1930 என்ற தொலைபேசி எண். மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடான இது, இணையவழிப் பண மோசடிகளுக்கென்றே ஏற்பட்டது. களவாடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு மாறிக்கொண்டே போகும். காவல்துறையையும் வங்கிகளையும் இணைக்கும் இவ்வமைப்பு, பணம் வெளியேறுமுன் வழியிலேயே அதை நிறுத்திவைக்க முயல்கிறது. ஆதலால் இங்கே நாள் கணக்கன்று, நிமிடக் கணக்கு. பணமிழப்பு இல்லாத குற்றங்களையும் 2019 இல் தொடங்கிய தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம்.

உடனே வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் காலம் எவ்வளவு முக்கியம் என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை எடுத்துக்காட்டியது. வங்கியின் குற்றமோ வாடிக்கையாளரின் குற்றமோ இல்லாமல் மூன்றாமவர் செயலால் பணம் போயிருந்து, வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்றும், நான்கு முதல் ஏழு நாளானால் ஒரு வரம்புக்குட்பட்ட இழப்பு என்றும் அது வகுத்தது. நாணத்தால் வாய் மூடியிருப்பவன் நாளுக்கு நாள் தன் உரிமையை இழக்கிறான் என்பது இதன் பொருள்.

எங்கள் ஊர்த் தந்தையின் கதை வேறு வகை. அவரிடமிருந்து பணம் போகவில்லை. அவர் பெயரில் பிறர் கடன் வாங்கியிருந்தார்கள். இவ்வகையில் முதற்காரியம் கடன் தகவல் அறிக்கையை வாங்குவது. நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. பையன் கைப்பேசியிலேயே அதை வரவழைத்தான். கடன் கொடுத்தது யார், எந்தத் தேதியில் கொடுத்தது, எந்த முகவரி, எந்தக் கைப்பேசி எண் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தன. முகவரி நாங்கள் கேட்டறியாத ஓர் ஊர். கைப்பேசி எண்ணும் தந்தையுடையதன்று. அதைப் பார்த்ததும் பையன் தன் தந்தையை ஏறிட்டு நோக்கினான். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

இரண்டாவது, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுவது. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். “இக்கடனை நான் பெறவில்லை. விண்ணப்பத்தின் நகல், அதில் ஒட்டிய படம், இணைத்த ஆவணங்கள், பணம் சென்ற கணக்கு ஆகியவற்றைத் தெரிவியுங்கள். வசூல் நடவடிக்கையை நிறுத்திவையுங்கள்” என்று கேட்க வேண்டும். நாங்கள் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம்.

மூன்றாவது, காவல்துறை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இணையக் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. எங்களுக்கு அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தருமபுரியில். ஆயினும் அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று, 2024 இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 173 ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியாகவும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் அப்பிரிவிலேயே இருக்கிறது. பதிய மறுத்தால், புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையெனில் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் காட்டினால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 இல் இலலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவன் சண்டை போட வேண்டியதில்லை. பணிவாகவும் உறுதியாகவும் பேசினால் போதும்.

நான்காவது, கடன் தகவல் நிறுவனத்திடம் பிழைதிருத்த மனு. இதற்கு 30 நாள் கெடு. அதற்குள் தீர்க்காவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 இல் ஆணையிட்டது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஐந்தாவது, முறைமன்றம். கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் விடை தராவிட்டாலோ, தந்த விடை மனநிறைவு அளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. ஆனால் நிறுவனத்துக்கு எழுதாமல் நேரே இங்கே போனால் மனுவை ஏற்கமாட்டார்கள். படிகளை வரிசையாக ஏற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவற்றோடு வீட்டைப் பூட்டும் காரியங்களும் உண்டு. ஆதார் எண் தவறாகப் பயன்படுவதாக ஐயமிருந்தால் ஆதார் ஆணையத்தின் 1947 என்ற எண்ணை அழைக்கலாம். நாடு விடுதலை பெற்ற ஆண்டே அந்த எண், மறக்காது. நம் ஆதாரை எங்கெங்கே சரிபார்த்தார்கள் என்ற வரலாற்றைப் பார்க்கவும், விரல்ரேகை முதலியவற்றைப் பிறர் பயன்படுத்தாதபடி பூட்டிவைக்கவும் ஆணையத்தின் தளத்தில் வழியுண்டு. நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்று அறிய, தொலைத்தொடர்புத் துறை 2023 இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற தளம் இருக்கிறது. பார்த்தோம். தந்தையின் பெயரில் மூன்று இணைப்புகள்! அவரிடம் இருப்பது ஒன்றே. “இது என்னுடையதன்று” என்று மற்ற இரண்டையும் அங்கேயே தெரிவித்தோம்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று நினைவு வந்தது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆள் பிடித்துத் தருகிறவன் ஒருவனிடம் ஆதார் நகலும் வருமானவரி அட்டை நகலும் கொடுத்திருக்கிறார். சந்தையில் குடை விரித்து அமர்ந்து கைப்பேசி இணைப்பு விற்றவனிடமும் ஒரு நகல் கொடுத்து, “சரியாகப் பதியவில்லை” என்று அவன் சொன்னதால் மூன்று முறை விரல் வைத்திருக்கிறார். இவர்களில் யார் குற்றவாளி என்று நான் சொல்ல முடியாது. அதைக் கண்டறிவது காவல்துறையின் வேலை. புகார் எழுதும்போதும் நாம் நினைவில் வைக்க வேண்டிய நெறி இது. நமக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். ஐயத்தை ஐயமென்றே குறிக்க வேண்டும். பெயர் களவு போன ஒருவர், அவசரத்தில் இன்னொரு நிரபராதியின் பெயரைக் கெடுத்துவிடலாகாது.

நாங்கள் எழுதிய மனு ஒரு பக்கந்தான். முதலில் மனுதாரரின் பெயரும் முகவரியும். அடுத்து, என்று எப்படித் தெரியவந்தது என்ற செய்தி. பிறகு கடன்களின் எண், தேதி, தொகை. அதன்பின், “இக்கடன்களை நான் கேட்கவுமில்லை, பெறவுமில்லை, குறிப்பிட்ட கைப்பேசி எண்ணும் முகவரியும் என்னுடையவை அல்ல” என்ற மறுப்பு. இறுதியில் வேண்டுகோளும் இணைப்புகளின் பட்டியலும். எழுதி முடித்ததும் பையன் அதைத் தந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினான். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையசைத்தார். பிறகு மெதுவாகக் கையொப்பமிட்டார். அவர் அறிந்த ஒரே எழுத்து அவர் பெயர்தான்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காவல்துறையினர் மனுவைப் பெற்று இரசீது கொடுத்தார்கள். பின்னர் வழக்கும் பதிவாயிற்று. கடன் நிறுவனம் அனுப்பிய விண்ணப்ப நகலில் ஒட்டியிருந்த படம் வேறொருவருடையது. அதுவே போதிய சான்றாயிற்று. இரண்டு கடன்களும் அவர் கணக்கிலிருந்து நீங்க ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. கல்விக் கடனும் கிடைத்தது. ஆனால் கல்லூரி கொடுத்த கெடு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், முதல் தவணைக்குப் பையனின் தாய் தம் தோட்டை அடகு வைத்தார். குற்றவாளி இன்றுவரை அகப்பட்டதாக எனக்குச் செய்தியில்லை. இதை நான் மறைக்காமல் சொல்லக் காரணமுண்டு. புகார் கொடுத்தவுடன் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பிப் போகிறவன் இரண்டாம் நாளே சோர்ந்துவிடுவான். அந்தப் பதினைந்து நாள் வீணாகாமல் இருந்திருந்தால் தோடு அடகுக்குப் போயிருக்காது.

மாணவர்களாகிய உங்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெயர் களவு போவது ஒருபுறமிருக்க, நம் பெயரை நாமே பிறருக்குக் கடன் கொடுப்பதும் உண்டு. 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு செய்தி வெடித்தது. முதலாண்டு மாணவர் ஒருவருடைய நீட் தேர்வு ஆவணத்திலிருந்த படமும் அவர் முகமும் ஒத்துப்போகவில்லை என்று கல்லூரி முதல்வருக்குப் பெயரில்லாத மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவருக்குப் பதிலாக வேறொருவர் தேர்வு எழுதினார் என்பது குற்றச்சாட்டு. கல்லூரி விசாரித்துக் காவல்துறையிடம் புகார் கொடுத்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. விசாரணை வளர வளர வேறு கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கைதானார்கள். எங்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரின் பெயரும் அதில் அடிபட்டது.

இவ்வழக்கிலிருந்து இரண்டு உண்மைகளை அறிகிறோம். ஒரு சிறு தகவல், உரியவரிடம் போய்ச் சேர்ந்ததனால்தான் பயன் தந்தது. அதையே தேநீர்க் கடையில் பேசியிருந்தால் வதந்தியாகப் போயிருக்கும். மற்றொன்று, ஆள்மாறாட்டத்தால் வஞ்சிக்கப்படுபவர் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார். தேர்விலே இடம் கிடைக்காமல் போன ஏழை மாணவர் யாரென்று யாருக்குத் தெரியும்? நண்பனுக்காக ஒரு கணக்கைத் திறந்து கொடுப்பது, சில நூறு ரூபாய்க்கு வங்கிக் கணக்கையோ கைப்பேசி இணைப்பையோ பிறர் பயன்படுத்த விடுவது ஆகியவற்றையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே போனால், காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

காக்கும் வழிகளையும் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். ஆவண நகலைக் கொடுக்கும்போது, இன்ன காரியத்துக்காக, இன்ன தேதியில், இன்னாரிடம் கொடுத்தது என்று நகலின் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். முழு எண் தேவையில்லாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். நகலெடுக்கும் கடையில் கெட்டுப்போன தாளை அங்கேயே விட்டு வராதீர்கள். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை, கேட்பவர் எந்த அதிகாரியாகத் தம்மைச் சொல்லிக்கொண்டாலும் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள பெரியவர்களின் கடன் தகவல் அறிக்கையையும், அவர்கள் பெயரிலுள்ள கைப்பேசி இணைப்புகளையும் பார்த்துச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் படிக்காத பெற்றோருக்குச் செய்யத்தக்க கைங்கரியம் இது.

ஐயம் எழுந்தால் மூன்றைச் செய்யுங்கள்: தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுதிக் கொடுங்கள், இரசீது வாங்குங்கள். வெட்கப்பட வேண்டியவன் களவு செய்தவன். அந்தப் பையன் இப்போது கல்லூரிப் படிப்பை முடிக்கப் போகிறான். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் பென்னாகரத்துச் சந்தை நாளன்று புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்காருகிறான். வருவோர் போவோருக்கு இணைப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறான். மனு எழுதித் தருகிறான். காசு வாங்குவதில்லை. சென்ற முறை நான் போனபோது, பக்கத்தில் அவன் தந்தை அமர்ந்து, மனுவோடு வந்த ஒருவரிடம், “நகல் ஒன்று உன் கையில் இருக்கட்டும் தம்பி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.